படுத்தபடி மடித்த பெட்டி

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அந்த மருந்து பாட்டில் பச்சை நிறம் என்று நான் சொல்வேன். பழுப்பு என்பாள் அக்கா. இருமல் மருந்தை எவனாவது பச்சை பாட்டிலில் அடைப்பானா என்று கேட்பாள். கூட்ட அறையின் ஜன்னல் திறந்திருந்ததாக எனக்கு ஞாபகம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது என்கிறாள். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் என் கண் அங்கே நின்றுவிடும். என் சொந்த நினைவைத் திருத்த அப்படியொரு கண் எனக்கு வாய்க்கவில்லை. அதனால் நிறங்களையும் ஜன்னல்களையும் யாரும் நம்ப வேண்டாம். அவள் மேஜையை விட்டு இறங்கவில்லை என்பதை மட்டும் நம்பலாம். அதை அவளும் மறுப்பதில்லை.

அக்கா அட்டைப்பெட்டி வரைகிறவள். மருந்தோ சோப்போ பல்போ, கடையில் எதைக் கையில் எடுத்தாலும் அதைச் சுற்றி ஒரு மடித்த அட்டை இருக்கிறது. அதைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் என்ன வடிவம் வரும் என்று முதலில் ஒருவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். எங்கே வெட்டு, எங்கே மடிப்பு, எங்கே பசை. அந்த ஒருவர் அவள். அவள் கம்பெனியில் இதற்கென்று ஒரு விண்டோஸ் மென்பொருள் இருந்தது. அதன் உண்மையான பெயர் நீளமானது. எல்லாரும் அதை மடிப்பான் என்றே சொன்னார்கள். கோடுகளைத் தட்டையாகப் போட்டுவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினால், திரையிலேயே அட்டையை மடித்து நிமிர்த்திப் பெட்டியாகச் சுழற்றிக் காட்டும். பிழையாக வரைந்திருந்தால் மூடி வந்து பக்கச் சுவரில் இடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு மழைநாளில் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்தாள். முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நடக்கலாம், படுக்கலாம், கொஞ்ச நேரம் நிற்கலாம். உட்கார மட்டும் முடியாது. உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து ஒரு வலி கிளம்பிக் காலைப் பிடுங்கிக்கொண்டு போகும். நின்றபடி வேலை செய்து பார்த்தாள்; மதியத்துக்குள் கால் மரத்துவிட்டது. மருத்துவர், உட்கார்ந்து செய்யும் வேலையை விட்டுவிடுங்கள் என்றார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னாள்: "உக்கார்றதத்தானே விடச் சொன்னாரு? வேலைய விடச் சொல்லலையே."

அவர் இரண்டையும்தான் சொன்னார். நான் திருத்தவில்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். இருவருக்கும் பேச்சு குறைவு. ஆனால் இரண்டு மௌனங்களும் ஒன்றல்ல. என்னுடையது ஒதுங்கிக்கொள்கிற மௌனம். அவளுடையது கதவில் முட்டுக்கொடுத்து நிற்கிற மௌனம். அப்பா இருந்தவரை அவளைக் கல்லுளிமங்கி என்று திட்டுவார். அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

வீட்டிலிருந்து வேலை செய்யக் கம்பெனி ஒப்புக்கொண்டது. படுத்தபடி வரைய வேண்டுமென்றால் கணினி மேலே தொங்க வேண்டும். என் மேஜை விளக்கின் மடக்குக் கையைக் கழற்றிக் கட்டில் தலைமாட்டில் முடுக்கினோம். பழைய விண்டோஸ் லேப்டாப்பை அதில் மாட்டினால் கை தலைவணங்கி அவள் மூக்கைத் தொட்டது. சரி என்று வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். விசிறி இரைந்தது. சற்று நேரத்தில் எடுத்துக் கீழே வைத்துவிட்டாள்.

"வயித்துல இஸ்திரிப் பெட்டிய வச்ச மாதிரி இருக்குடா. இன்னும் கொஞ்சம் வச்சிருந்தா கசங்காம ஆபீஸுக்கே போயிருக்கலாம்."

அலுவலகத்து மெஷினோடு வீட்டிலிருந்து இணைத்துப் பார்த்தாள். கோடுகள் வந்தன, மடிப்புக் காட்சி மட்டும் துண்டு துண்டாக, குளத்தில் கல் விழுந்த பிம்பம் போல வந்தது.

அந்த ஆண்டு கம்பெனி எல்லாருக்கும் புது லேப்டாப் கொடுத்தது. மெலிதானது. விசிறி இல்லை, சூடு இல்லை, தூக்கினால் ஒரு கோப்பின் கனம்தான். விளக்குக் கை அதைச் சிரமமில்லாமல் தாங்கியது. அக்கா மல்லாந்து படுத்து அதை அண்ணாந்து பார்த்தபோது, விபத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். ஒரு குறைதான். அதில் விண்டோஸ் கிடையாது. விண்டோஸ் இல்லாமல் மடிப்பான் கிடையாது.

கம்பெனியின் கணினிப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். எது கேட்டாலும் டிக்கெட் போடுங்க என்பதால் அவளுக்கு டிக்கெட் என்றே பெயர் வந்துவிட்டது. அக்கா அவளைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன்.

"அக்கா, அதுல இருக்கிறது ஆர்ம் சிப். போன்ல எல்லாம் வருமே, அந்த ஜாதி. நம்ம மடிப்பான் பழைய சிப்புக்கு எழுதினது. ரெண்டுக்கும் பாஷையே வேற."

"வேற பாஷைன்னா மொழிபெயர்ப்பு இருக்குமே."

"இருக்கு. வர்ச்சுவல் மெஷின்னு போடலாம். ஆனா கிராபிக்ஸ் ஒழுங்கா வராதுக்கா. நம்ம கம்பெனி அதை சப்போர்ட் பண்றதில்ல."

"நீ பண்ணுவியா?"

"டிக்கெட் போடுங்க, பாக்கலாம்."

"போட்டா?"

"சப்போர்ட் இல்லன்னு மூடிருவேன்."

அக்கா சிரித்தாள். சிரித்தபடியே டிக்கெட் போட்டாள். சிரிப்பு அடங்குவதற்குள் அது மூடப்பட்டும் வந்தது. அதன் பிறகு மதிய நேரங்களில், நான் பக்கத்து அறையில் பாடநூல் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, அவள் அறையிலிருந்து விசைகள் தட்டும் சத்தம் மட்டும் வரும், பிறகு நீண்ட அமைதி, பிறகு ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி விசைகள்.

ஒரு நாள் கூப்பிட்டு விளக்கினாள். "வீட்டுக்குள்ள ஒரு வாடகைக் குடித்தனம்டா, அவ்வளவுதான். லேப்டாப்தான் வீட்டுக்காரர். உள்ள ஒரு ரூமைத் தடுத்து விண்டோஸைக் குடி வச்சிருக்கேன். அது, தான் தனி வீட்டுல இருக்கோம்னு நினைச்சுக்குது. இந்த சிப்புக்குன்னே வந்த விண்டோஸ் அது. பழைய சிப்பு ப்ரோக்ராமைக் குடுத்தா, உள்ளயே மொழிபெயர்த்து ஓட்டிரும்."

"மொழிபெயர்ப்புன்னா பிழை இருக்குமே."

"அதுக்குத்தானே நீ இருக்கே."

முதல் நாள் தாராள மனதோடு, இருந்த நினைவகத்தில் பெரும்பகுதியை விண்டோஸுக்கே கொடுத்துவிட்டாள். மொத்த லேப்டாப்பும் உறைந்து நின்றது. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டிருச்சு" என்று அதை அணைத்து, மறுபடி அளந்து கொடுத்தாள். மடிப்பான் திறந்தது. கோடுகள் வந்தன. மடிப்புப் பொத்தானைத் தட்டினாள். பெட்டி வர வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் வந்து நின்றது.

அந்தக் கறுப்புச் சதுரத்தோடு அவள் பல மதியங்கள் மல்லுக்கட்டினாள். பொய்க் கணினிக்குள், திரையில் படம் போடுகிற கிராபிக்ஸ் கார்டும் பொய். மடிப்பான் ஒரு பழைய வரைமொழியில் அதனிடம் பேசுகிறது. கார்டுக்கு அது புரியவில்லை. அந்த மொழியை விண்டோஸுக்குத் தெரிந்த வேறொன்றாக மாற்றித் தரும் ஓர் இணைப்பைக் கடைசியில் கண்டுபிடித்துப் போட்டாள். நான் கூப்பிடப்பட்டுப் போனபோது அவள் முகத்துக்கு மேல் ஒரு சோப்புப் பெட்டி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. பசை ஒட்டும் மடல் மட்டும் கண்ணடிப்பது போல மினுக்கியது.

"மினுக்குதே?"

"மினுக்கட்டும். எனக்கு இடுப்பு மினுக்குது, நான் வேலை செய்யலையா?"

அடுத்து சாவி. மடிப்பானை யாரும் திருடி ஓட்டாமலிருக்க, கணினியில் செருகும் குச்சி போன்ற சாவி ஒன்று உண்டு. அது இருந்தால்தான் வரைந்ததைச் சேமிக்க விடும். பொய்க் கணினிக்குள் இருக்கும் விண்டோஸ், ப்ரோக்ராம்களை மொழிபெயர்க்குமே தவிர, சாவியை அடையாளம் காட்டுகிற டிரைவர் என்ற துணை ப்ரோக்ராமை மொழிபெயர்க்காதாம். டிரைவர் இந்தச் சிப்பின் மொழியையே பேச வேண்டுமாம். சாவி செய்தவர்கள் அப்படி ஒரு டிரைவர் எழுதவில்லை. வேறொரு கணினியில் சாவியைச் செருகிவிட்டு நெட்வொர்க் வழியாக அனுமதி வாங்கலாம் என்று மடிப்பானின் உதவிப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் எழுதியிருந்தது. ஆனால் பழைய கணினிகளையெல்லாம் கம்பெனி அகற்றிக்கொண்டிருந்தது. அகற்ற முடியாதது ஒன்றுதான்: மாதிரிப் பெட்டிகளை வெட்டும் இயந்திரத்தோடு பிறந்த கணினி. அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் பிளேடு அண்ணன் என்பார்கள். மரப்பலகையில் எஃகுப் பட்டைகளை வளைத்து இறக்கி அச்சு செய்வது அவர் வேலை. அவரோடு பேச்சு வளர்ந்தால் அறுப்பார் என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம்.

"அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல ஒரு சாவி செருகணும்."

"செருகிட்டுப் போ தங்கச்சி. அதுக்குள்ள ஏற்கெனவே ஒரு எறும்புக் குடும்பமே இருக்கு. கூட ஒரு சாவி இருந்தா என்ன குறைஞ்சிரும்?"

அந்த வழியைத் திறக்க டிக்கெட்டின் தயவு வேண்டும். அக்கா இன்னொரு டிக்கெட் போட்டாள். என்ன நினைத்தாளோ, சோதனைக்காக என்று எழுதி அந்தப் பெண் திறந்துவிட்டாள்.

வேலை ஓடியது. அக்கா படுத்தபடியே பெட்டிகளை அனுப்பினாள்; அங்கே பிளேடு அண்ணன் வெட்டினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு அந்த இருமல் மருந்து பாட்டில் வந்தது.

அவர்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மடிப்பானில் நிஜ அளவு என்று ஒரு பார்வை இருக்கிறது. பெட்டி வரைந்து முடித்ததும் அந்தப் பார்வைக்குப் போய், கையிலிருக்கும் பாட்டிலைத் திரையின் மேல் சாய்த்துப் பார்ப்பார்கள். கோட்டுக்குள் பாட்டில் அடங்கினால் சரி. சாய்த்துப் பார்த்தாயா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அதற்கு நியாயம் உண்டு. அளவுகள் விற்பனைப் பிரிவிலிருந்து வரும். விற்பனைக்காரன் தன் மாமியாரைக் கூட ரெண்டு மில்லிமீட்டர் குறைத்துத்தான் சொல்வான் என்பது அவர்கள் சித்தாந்தம். ஆகவே எண்ணுக்கும் பாட்டிலுக்கும் சண்டை வந்தால் பாட்டில்தான் ஜெயிக்கும்.

அக்கா பாட்டிலைத் தூக்கித் தலைக்கு மேல் திரையில் சாய்த்தாள். பாட்டிலின் தோள் இரண்டு பக்கமும் கோட்டைத் தாண்டி நின்றது. விற்பனைக்காரனை வாழ்த்திவிட்டு எண்களைப் பெரிதாக்கினாள், பாட்டில் கோட்டுக்குள் வரும்வரை. மாதிரி வெட்டப்பட்டது. அவசரமென்று யாரும் பாட்டிலைப் போட்டுப் பார்க்கவில்லை. வாடிக்கையாளரின் மேஜையில்தான் முதலில் போட்டார்கள். பாட்டில் உள்ளே விழுந்து கடகடவென்று ஆடியதாம். ஒரு பாட்டிலுக்கு எதுக்கு ரெண்டு ரூம் வீடு என்று கேட்டார்களாம்.

மேலாளர் மறுநாள் பேசினார். அவர் அக்காவைவிட இளையவர், புதிதாக வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தியிருந்தால் எதிர்ப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், உங்க திறமையில எனக்குச் சந்தேகமே இல்ல. அந்த ஏற்பாட்டுலதான். அது நம்பகமா இல்லன்னு இப்ப தெரிஞ்சிருச்சு. ஒண்ணு, வழக்கம் போல இங்க வந்து உக்காந்து பாருங்க. இல்லன்னா... நீங்களே ஒரு கடிதம் குடுத்துட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் கௌரவமா இருக்கும். வெள்ளிக்கிழமை வாங்க, பேசிரலாம்."

"வரேன் சார்" என்றாள் அக்கா. 

அன்று முழுக்க விசைச் சத்தம் வரவில்லை. கறுப்புச் சதுரத்தின் நாட்களில் கேட்ட வசவுகள்கூட இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. கதவருகே போய் நின்றேன். இருமல் பாட்டிலை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"கடிதம் எழுதணுமா?" என்று கேட்டேன். எழுத்து வேலை என்றால் என்னிடம்தான் வரும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். அதில் நான் திருத்திக்கொண்டிருந்த தாள் இருந்தது.

"அதக் குடு."

வாங்கித் தலைக்கு மேல் திரையில் ஒட்டிப் பிடித்தாள். மடிப்பானில் அதே தாளின் நீள அகலத்தை எண்ணாகக் கொடுத்து ஒரு கட்டம் போட்டு, நிஜ அளவுப் பார்வைக்குப் போனாள். என் தாள் கட்டத்துக்கு வெளியே நான்கு பக்கமும் பிதுங்கி நின்றது.

"தாள் எப்பவும் இதே அளவுதானே? ஊருக்கு ஊர் மாறாதே?"

"மாறாது."

"அப்ப விற்பனைக்காரன் ஒழுங்கு. எண் ஒழுங்கு. திரைக் கண்ணாடிதான்டா பொய்." உட்கார முடிந்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாள். "குடித்தனக்காரனுக்கு அவன் ரூமோட அளவு தெரியாது. வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ அதுதான் அவனுக்கு. இந்தக் கண்ணாடியில புள்ளியெல்லாம் நெருக்கி நெருக்கி இருக்கு. அவன் பழைய திரைன்னு நினைச்சு எண்ணி வரையறான். படம் சின்னதா வருது. எண்ணு சரியாத்தான் வெட்டப் போகுது. நான்தான் பாட்டில நம்பி எண்ணைக் கெடுத்தேன்."

அந்தத் தாளில் இரண்டாம் பத்தியில் ஓர் ஒற்று மிகையாக இருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதெல்லாம் எதற்கு நினைவில் நிற்கிறது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வாடகை வண்டியின் பின்னிருக்கையில் அவளைப் படுக்கவைத்துக் கூட்டிப்போனேன். விளக்குக் கையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். எதற்கென்று கேட்கவில்லை. கூட்ட அறையில் ஒரு நீளமான மேஜையும் சுற்றிலும் நாற்காலிகளும் இருந்தன. மேலாளர் இருந்தார், டிக்கெட் இருந்தாள். பிளேடு அண்ணன் வாசலில் நின்றார்.

"உக்காருங்க மேடம்" என்றார் மேலாளர், ஒரு நாற்காலியை இழுத்து.

அக்கா நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் மேஜையைப் பார்த்தாள். "தம்பி, அந்தத் தண்ணி பாட்டிலயெல்லாம் ஓரமா நகத்து" என்றாள் என்னிடம்.

செருப்பைக் கழற்றினாள். பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கையை ஊன்றி, மருத்துவமனையில் கற்றுக்கொடுத்தபடி உருண்டு மேஜையின் நடுவில் மல்லாந்து படுத்தாள். நான் விளக்குக் கையை மேஜை விளிம்பில் முடுக்கி லேப்டாப்பை மாட்டினேன்.  

"என்ன மேடம் இது?"

"உக்கார இடம் குடுத்தீங்க சார். எனக்குப் படுக்கத்தான் இடம் வேணும். நானே எடுத்துக்கிட்டேன்."

டிக்கெட் வாயைப் பொத்திக்கொண்டாள். மேலாளர் வாசலைப் பார்த்தார். அங்கே பிளேடு அண்ணன் கதவை அன்போடு சாத்திவிட்டு உள்பக்கம் நின்றுகொண்டார்.

அக்கா நடந்ததைச் சொன்னாள். என்னிடமிருந்து தாளை வாங்கித் திரையில் பிடித்தும் காட்டினாள். தப்பு என்னுது, எண்ணை மாத்தினது நான்தான் என்றும் சொன்னாள். மேலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இருக்கு."



"கூடம் கோணல்தான் சார்" என்றாள் அக்கா, கூரையைப் பார்த்தபடி. "எவ்வளவு கோணல்னு அளந்து வச்சிருக்கேன். இனி கூடத்தப் பாத்து ஆட மாட்டேன். ஏதாவது குடுங்க, ஆடிக் காட்டறேன்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். முட்டை வடிவ வயிறு, கோணலான தோள், நீண்ட மூடி. சுலபமானதாக எடுக்கவில்லை. "இதுக்கு ஒரு பெட்டி" என்றார். பிளேடு அண்ணன் சட்டைப் பையிலிருந்து அளவுக் கவ்வியை எடுத்து, பாட்டிலை அங்கங்கே கவ்வி எண்களைச் சொன்னார். அக்கா வரைந்தாள். எங்கள் எல்லாருக்கும் மேலே, தலைகீழாக, கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மடிப்புப் பொத்தானைத் தட்டினாள். பெட்டி எழுந்து சுழன்றது. மடல் மினுக்கியது.

"ஏன் அப்படி மினுக்குது?" என்றார் மேலாளர்.

"சந்தோஷத்துல" என்றாள் டிக்கெட். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது அவளுக்கு.

மேலாளர் பாட்டிலை எடுத்தார். கையோடு வந்த பழக்கம். திரையில் சாய்க்கப் போனார். அக்கா கையை நீட்டித் திரையை மறைத்தாள். "அதை மட்டும் பண்ணாதீங்க. வெட்டிட்டு வரட்டும்."

பிளேடு அண்ணன் போய் வெட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னாலேயே மடித்து ஒட்டினார். மேலாளர் பாட்டிலை உள்ளே விட்டார். நல்ல பெட்டிக்கு ஓர் அடையாளம் உண்டு என்று அக்கா முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாள். பொருள் சட்டென்று விழாது, மாட்டியும் நிற்காது, உள்ளே இருக்கும் காற்றை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு தானாக இறங்கும். அந்தப் பாட்டில் அப்படித்தான் இறங்கியது. அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் பெட்டி மூச்சுவிட்டது கேட்டது.

"பெட்டி நல்லா இருக்கு" என்றார் மேலாளர். நேர்மையாகவே சொன்னார். "ஆனா இது கம்பெனி சப்போர்ட் பண்ற முறை இல்ல. இதுக்கு நான் எப்படி அனுமதி குடுக்கறது? நீங்க வீட்டுக்குப் போங்க. மேல பேசிட்டுச் சொல்றேன்."

"பேசுங்க. இருக்கேன்."

"இங்கயா?"

 எனக்குத் தெரிந்த அந்த மௌனம் அறைக்குள் இறங்கியது. கதவில் முட்டுக்கொடுத்து நிற்கிற மௌனம். மேலாளருக்கு அதோடு பழக்கமில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அடுத்த கூட்டத்துக்கு ஆட்கள் வந்து கதவைத் திறந்தார்கள். மேஜையில் ஒரு பெண் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டு மூடினார்கள். மறுபடி திறந்து நிஜம்தானா என்று பார்த்தார்கள்.

"மேடம், இது நல்லா இல்ல. இறங்குங்க."

"சார், என்னைத் தள்ளணும்னா நீங்க தள்ளுங்க. நானா இறங்க மாட்டேன். கடிதமும் குடுக்க மாட்டேன். வேலை செய்ய முடியலன்னா சொல்லுங்க, போயிடறேன். செய்ய முடியுது. நீங்களே பாத்தீங்க. அதை வச்சுக்கிட்டு நான் ஏன் போகணும்?"

சொல்லிவிட்டு, பாக்கி இருந்த ஒரு பல்புப் பெட்டியைத் திறந்து வரைய ஆரம்பித்தாள். மேஜையின் மேலேயே. விசைகள் தட்டும் சத்தம், பக்கத்து அறையில் இருந்து கேட்கும் அதே சத்தம். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று பிறகு கவனித்தேன். மேலாளர்கூட நின்றுகொண்டுதான் இருந்தார்.

டிக்கெட் தன் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். மேலாளரின் போன் ஒலித்தது. பார்த்தார்.

"இது என்ன?"

"அக்காவோட முதல் டிக்கெட் சார். நான் மூடினது. மறுபடி திறந்து, ஓடுதுன்னு எழுதி முடிச்சிருக்கேன்."

"சப்போர்ட் பண்ணச் சொல்லி யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. ஓடுதுன்னு மட்டும்தான் எழுதினேன். ஓடலன்னு எழுதணும்னா நீங்க எழுதிருங்க சார். நான் கண்ணால பாத்துட்டேன்."

மேலாளர் கையில் இன்னும் அந்தப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தார், மூடினார். ஓடவில்லை என்று எழுதுகிற மனிதர் அல்ல அவர். ஆனால் ஓடுகிறது என்று ஒப்புக்கொள்ளவும் அவருக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. வெகுநேரம் அப்படியே நின்றார். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அக்காவின் மௌனத்தின் எதிரே நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

"சரி" என்றார் கடைசியில். "இப்போதைக்கு இப்படியே பண்ணுங்க. எழுத்துல குடுக்கறேன்."

விசைச் சத்தம் நின்றது. "இப்போதைக்குன்னா எதுவரைக்கும்?"

"உங்க முதுகு சரியாகிற வரைக்கும்."

"அது சரியாகாது சார்."

அவர் யோசித்தார். "அப்ப அதுவரைக்கும்" என்றார்.

எழுத்து கைக்கு வந்த பிறகுதான் அவள் இறங்கினாள். பல்புப் பெட்டி அதற்குள் முடிந்திருந்தது. இறங்க நானும் பிளேடு அண்ணனும் பிடித்துக்கொண்டோம். அவள் உடம்பு முழுக்க வியர்த்திருந்தது. மேஜையின் கடினம் முதுகை எவ்வளவு படுத்தியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.  வீட்டு வாசலில், "நல்ல மேஜைடா. ஆனா தலைகாணி வைக்கல" என்றாள். இந்த வாக்கியத்தைத் தான் சொல்லவே இல்லை என்கிறாள் இப்போது.

மேலாளர் அடுத்த ஆண்டு வேறு கம்பெனிக்குப் போனார். போகும்போது அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டார். டிக்கெட் இப்போது கணினிப் பிரிவின் தலைவி. இன்னும் டிக்கெட் போடுங்க என்றுதான் சொல்கிறாள். பிளேடு அண்ணன் ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறார். வெட்டும் இயந்திரம் ஓடுகிறது. சாவி அதன் கணினியில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் பாட்டிலைத் திரையில் சாய்க்கும் பழக்கம் போகவில்லை. அந்த இருமல் மருந்து பெட்டி இல்லாமலே விற்பனைக்கு வருகிறது. முதல் லேப்டாப்பின் திரை போய்விட்டது. அதேபோல் இன்னொன்று அதே விளக்குக் கையில் தொங்குகிறது. நான் மெய்ப்புத் திருத்துகிறேன். அக்காவின் முதுகு சரியாகவில்லை. அவள் அந்த வேலையில் இருக்கிறாள்.